வெறுங்காலுக்கு ஒரு வா பெடல்

என் கிட்டாருக்குச் சளி பிடித்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால், ஆடி மாதம். சேலத்தைச் சுற்றி ஆடியில் மாரியம்மன் பண்டிகை இல்லாத ஊர் கிடையாது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் எங்கள் மாதிரி மெல்லிசைக் குழுக்களுக்கு அறுவடை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் கச்சேரி டவுனை விட்டுத் தள்ளி ஒரு கிராமத்துக் கோயில் வாசலில். மேடை கோயிலைப் பார்த்தபடி இருந்ததால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினோம். அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே.

இரண்டாவது இடையிசையில் எட்டு பார் (எட்டுத் தாள வட்டம்) வா வாசிக்க வேண்டும். வா என்பது கிட்டார் சத்தத்தை வாய் திறந்து மூடுவது போல 'வா வா' என்று பேச வைக்கும் கால் மிதி. பெடலை முன்பக்கம் அழுத்தினேன், ஆன் ஆயிற்று. வாசித்தேன், கீழே பையன்கள் விசிலடித்தார்கள். சரணம் தொடங்குவதற்குள் ஆஃப் செய்ய வேண்டும். மறுபடி அழுத்தினேன். 'க்ளிக்' வரவில்லை. இன்னும் அழுத்தினேன். பெருவிரலுக்குக் கீழே ரப்பர் வரிகள் பதிந்து வலித்ததுதான் மிச்சம். காலை எடுத்துவிட்டு விரலால் தட்டலாம் என்று குனிந்தால் கிட்டார் மைக் ஸ்டாண்டில் இடிக்கிறது. பெடல் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. வா பெடலைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கிட்டார் முழுக்க மூக்கால் பேசும். ஒரு சரணம், ஒரு பல்லவி முழுக்கப் பேசியது. சவுண்ட் செட்காரர் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து கையை விரித்தார்.

இறங்கி வந்ததும் பம்பை அடிக்க வந்திருந்த பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, உம்பட கிட்டாருக்குச் சளி புடிச்சுருச்சா?"

வா பெடல் எது வாங்கலாம் என்று கேட்டால் எல்லோரும் காதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் காலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால், இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

'வா' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உதடு குவிந்து 'ஊ' மாதிரி தொடங்கி, வாய் திறந்து 'ஆ'வில் முடியும். தொண்டையிலிருந்து வரும் சத்தம் ஒன்றேதான். வாய்க்குள் இருக்கும் இடத்தின் வடிவம் மாற மாற, அந்தச் சத்தத்தில் இருக்கும் வெவ்வேறு பகுதிகள் தூக்கலாகக் கேட்கின்றன. நம் ஊர்க் கச்சேரியில் இதற்குச் சரியான உதாரணம் மோர்சிங். அந்த இரும்பு நாக்குக்கு ஒரே சுருதிதான். வாசிப்பவர் வாயைச் சுருக்கி விரித்து அதிலேயே அத்தனை சொல்லையும் கொண்டுவந்துவிடுகிறார். மோர்சிங்காரர் வாயால் செய்வதைக் கிட்டார்காரன் குதிகாலால் செய்கிறான், அவ்வளவுதான். குதிகால் பக்கம் அழுத்தினால் 'ஊ', விரல் பக்கம் அழுத்தினால் 'ஆ'வையும் தாண்டி 'ஈ'க்குப் பக்கம் போய்விடும்.

உள்ளே இருப்பது ரொம்பச் சின்ன சர்க்யூட். இரண்டு டிரான்சிஸ்டர், 500 மில்லிஹென்றி சுருள் ஒன்று, அதோடு ஒரு கெப்பாசிட்டர், பெடலின் பல்சக்கரத்தில் சுழலும் ஒரு பாட் (ரேடியோவில் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அது), இன்னும் சில சில்லறைகள். சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டும். பாட் சுழலும்போது அந்தத் தூக்கல் கீழிருந்து மேலே நகரும். பொதுவாக இது சுமார் 400 ஹெர்ட்ஸில் தொடங்கி 2000 ஹெர்ட்ஸ் பக்கம் போய் நிற்கும். கிட்டாரின் கனமான கம்பி 82 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பி திறந்த நிலையில் 330 ஹெர்ட்ஸ். கணக்கைப் பார்த்தால் வா பெடலின் விளையாட்டு பெரும்பாலும் அடிப்படைச் சுருதிக்கு மேலே, அதோடு சேர்ந்து மெலிதாக ஒலிக்கும் மேலொலிகளில்தான் நடக்கிறது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் வா இன்னும் பளிச்சென்று கேட்பதும் இதனால்தான். மேலொலிகள் நிறைய இருந்தால்தானே செதுக்குவதற்கு ஏதாவது இருக்கும். சாதாரண வாவை பேஸ் கிட்டாரில் போட்டால் அடிச்சத்தம் காணாமல் போவதற்கும் இதே காரணம்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. 1966ல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியருக்குக் கொடுத்த வேலை, வாக்ஸ் என்ற பிராண்டு ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) நடு ஒலியைத் தூக்கும் விலை கூடின ஸ்விட்சுக்குப் பதிலாக மலிவாக ஒன்று செய்வது. அவர் ஸ்விட்சை எடுத்துவிட்டு பாட் வைத்தார். திருகினால் ஆம்ப் 'வா' என்றது. ஆர்கனுக்கு இருந்த வால்யூம் பெடலின் கூட்டுக்குள் அதை வைத்தார்கள். 1967ல் கடைக்கு வந்தது. அதற்கு கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட்காரரின் பெயரைப் போட்டார்கள், ஏனென்றால் அவர் டிரம்பெட் வாயை மூடித் திறந்து இதே மாதிரி சத்தம் எழுப்பிப் பேர் வாங்கியவர். நல்ல வேளை, ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில், மன்னிக்கவும், காலில் அது கிடைத்தது. இல்லாவிட்டால் டிரம்பெட் ஓசைக்கு மாற்று என்ற பெயரிலேயே அது எங்காவது மூலையில் கிடந்திருக்கும்.

நம் ஆட்களுக்கு ஹென்ட்ரிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த தமிழ்ப் பாட்டுகளின் இடையிசையில் கம்பியை அமுக்கிக்கொண்டு 'சக்கு சக்கு'வென்று கேட்குமே, அது காதில் ஊறிப்போன ஊர் இது. பழைய டிஸ்கோ பாட்டை எடுத்தால் முன்வரிசை மாமாக்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கீபோர்டில் அதைப் போலி செய்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

என் முதல் வா செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிரைபேபி ஜிசிபி 95. டன்லப் கம்பெனியுடையது. உலகத்தில் பாதிப் பேர் வைத்திருப்பது. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ராத்திரி ஹெட்போனில் வீடியோ பார்த்தேன். இதில் எந்தச் சுருள், அதில் எந்தச் சுருள், சிவப்புச் சுருளா மஞ்சள் சுருளா என்று. இத்தனை வீடியோவிலும் வாசித்தவர் ஒவ்வொருவரும் ஷூ போட்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பெடல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், வார்ப்பு உலோகம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா கையில் வாங்கி எடை பார்த்தார். எங்கள் வீடு சிவதாபுரம் பக்கம், கொலுசுப் பட்டறை. எதைக் கொடுத்தாலும் அப்பா முதலில் எடைதான் பார்ப்பார். "கால்ல போடறதுக்கு நாம செய்யறோம். கால்ல மிதிக்கறதுக்கு நீ காசு குடுத்து வாங்கியாந்திருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். விலையை நான் பாதியாகச் சொன்னேன். அது வேறு கதை.

கல்யாண ரிசப்ஷன்களில் அந்தப் பெடல் ஒரு பிரச்சினையும் செய்யவில்லை. ஷூ போட்டிருப்பேன். கோயில் மேடையில்தான் மானம் போயிற்று. இந்த வகைப் பெடல்களில் ஸ்விட்ச் மிதியின் முன்பக்கத்துக்கு அடியில் இருக்கும். மிதி அடித்தளத்தைத் தொட்ட பிறகும் கூடுதலாக ஓர் அழுத்து அழுத்தினால்தான் 'க்ளிக்'. ஷூவின் அட்டை அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். வெறுங்காலில் அதெல்லாம் விரல் மேட்டில் வந்து நிற்கும். நின்றபடி, மறுகாலில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, ஆறு கம்பியையும் கவனித்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள்.

பண்டிகை முடிந்ததும் கழற்றினேன். ஸ்விட்சை இரண்டு நட்டு பிடித்திருக்கிறது. அவற்றைத் தளர்த்தி ஸ்விட்சைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் கால் சீக்கிரம் அதைத் தொடும். பட்டறை ஸ்பேனர் ஒன்று சரியாகப் பொருந்தியது. தூக்கி வைத்தேன். இப்போது வெறுங்காலுக்கு 'க்ளிக்' சுலபமாக விழுந்தது. ஆனால் ரொம்பச் சுலபமாக! சோலோவில் உற்சாகம் வந்து காலை முழுக்க முன்னால் சாய்த்தால் நடுவிலேயே ஆஃப் ஆகிவிடும். ஒரு நட்டு கீழே, அரை நட்டு மேலே என்று ஒரு வாரம் போராடினேன். அப்பாவுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. அவரும் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில், "இது ஷூக்காரனுக்குச் செஞ்சதுடா. உனக்கு வேற பாரு" என்றார். பட்டறையில் கால் அளவு கேட்காமல் கொலுசு செய்ய மாட்டார்கள்.

வேறு பார்க்க ஏற்காட்டுக்குப் போனேன்.

அங்கே காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழைய பேஸ் கிட்டார்காரர். அவரிடம் வாக்ஸ் வி847 ஒன்று உண்டு. பெங்களூரில் இருக்கும் அவருடைய தங்கை மகன் விட்டுவிட்டுப் போன கிரைபேபி 95கியூ ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என் பெடலை மஞ்சள் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்காட்டுச் சாலையில் பழைய சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் அந்த ஒற்றை வளைவைத் தாண்டும்போதெல்லாம் வண்டி தானாக மெதுவாகிறது. ஒரு காலத்தில் உள்ளே எத்தனை வாத்தியம் ஒலித்திருக்கும்! இப்போது வாசல் மட்டும் நிற்கிறது. அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒன்றரைக் கிலோ பெடல் முழங்காலில் வந்து இடித்தது.

மேலே மஞ்சு இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமும் அதில் ஏறின மிளகுக் கொடியும் அரைகுறையாகத் தெரிந்தன. அண்ணன் மூன்று பெடலையும் வரிசையாகத் தரையில் வைத்தார். "செருப்பக் கழட்டு" என்றார். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்கு விஷயம் புரிந்திருந்தது. சில்லென்ற சிமெண்ட் தரை. அப்போது பார்த்துக் கரண்டு போயிற்று.

இன்வர்ட்டரில்தான் வாசித்தோம். இதில் ஒரு நல்லதும் நடந்தது. அந்த இன்வர்ட்டரின் கரண்டு அலை கரடுமுரடாக இருக்கும் போல. கிட்டாரைத் தொடாமலேயே ஆம்ப்பில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். வா பெடலை மிதித்தால் அந்த இரைச்சலே 'வ்வ்வா... வ்வ்வா' என்று பாடியது. அதில் மேலொலிகள் ஏராளம். ஒவ்வொரு பெடலும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எந்த இடத்தில் மூக்கு அடைக்கிறது என்று கம்பியைத் தொடாமலேயே கேட்க முடிந்தது. மூன்று பெடலையும் அப்படி மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு இருந்தோம். காப்பி கொண்டுவந்த அண்ணி, "என்னங்க, மாடு கத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாக்ஸ்தான் மூன்றிலும் இனிமை. தூக்கல் அவ்வளவு கூர்மையில்லை, வட்டமாக இருக்கிறது. மெதுவாகப் போகும் பாட்டில் ஒற்றை ஸ்வரத்தை இழுத்துவிட்டுக் காலை மெல்ல நகர்த்தினால் யாரோ வாய் திறந்து பாடுவது போல. என் காதை மட்டும் கேட்டிருந்தால் அன்றே பேரம் பேசியிருப்பேன். ஆனால் ஸ்விட்ச் அதே கதை. வெறுங்காலில் மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை விழுந்தது. என் கிரைபேபி இன்னும் வெடுக்கென்று இருந்தது. டிஸ்டார்ஷனோடு நன்றாக வெட்டும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் காதைக் குத்தும்.

95கியூவில் ஸ்விட்சே கிடையாது. காலை வைத்து நகர்த்தினால் ஆன். காலை எடுத்தால் ஸ்பிரிங் மிதியைப் பின்னால் தள்ளிவிடும், ஆஃப். பக்கவாட்டில் கியூ என்று ஒரு குமிழ். அந்தத் தூக்கல் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்று அதில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குமிழ் சத்தத்தைக் கூட்ட. வெறுங்காலை வைத்தேன். 'சக்கு சக்கு'. எடுத்தேன். நின்றுவிட்டது. மறுபடி வைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நாலு பாரில் வந்து நாலு பாரில் போகிற எங்கள் கச்சேரிப் பாட்டுக்கு இதைவிட வசதி கிடையாது.

குறையும் உண்டு. பாதி வழியில் நிறுத்தி அந்த மூக்குச் சத்தத்தையே சோலோவுக்கு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் காலை அசையாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் கெண்டைக்கால் கடுக்கும். அப்புறம் வாக்ஸின் அந்த இனிமை இதில் இல்லை. கியூவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன், பக்கத்தில் வந்தது, ஒட்டவில்லை. இதை ஒத்துக்கொண்டுதான் இதை எடுத்தேன்.

பெங்களூர் கடை ஒன்றில் மார்லி பேட் ஹார்ஸி என்ற வா பெடலையும் மிதித்துப் பார்த்திருக்கிறேன். அதிலும் ஸ்விட்ச் இல்லை. சுழலும் பாட் கூட இல்லை. உள்ளே வெளிச்சத்தை மறைத்தும் திறந்தும் வேலை செய்கிறது. அதனால் தூசி போய்க் கரகரப்பு வராது. பிரமாதமான யோசனை. ஆனால் அகலமான பெட்டி, என் பையில் மற்ற பெடல்களோடு அது உட்காரவில்லை. தூக்கல் நகரும் எல்லையை ஆறு விதமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கிரைபேபி 535கியூவைப் பற்றியும் நிறையப் பேர் சொல்வார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது சொர்க்கம். மேடையில் இருட்டில் குனிந்து குமிழைத் தேடுகிறவனுக்கு எதற்கு? பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்ட்டி எஃபெக்ட்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் மிதியில் வா வைத்துக்கொள்ளலாமே என்றால், தாராளமாக. முதலில் அதில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வா தேவையா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வருடம் அது போதும்.

பத்து வீடியோ பார்த்தும் எனக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாவுக்குள் இருக்கும் சுருள், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் காந்தப் புலத்தை வாங்கி உறுமும். எங்கள் மேடையில் ஒரு மாதம் உறுமிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினேன், ஜாக்கைச் சுரண்டினேன், எர்த் சரியில்லை என்று ஜெனரேட்டர்காரரோடு சண்டை போட்டேன். கடைசியில் பவர் சப்ளைப் பெட்டியை இரண்டு அடி தள்ளி வைத்தேன். நின்றுவிட்டது. ஜெனரேட்டர்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வரிசையிலும் எனக்குப் பிடித்தது வா முதலில், டிஸ்டார்ஷன் அப்புறம். மாற்றிப் போட்டால் வா எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பாடகரின் குரலையும் சேர்த்துத்தான். டிஸ்டார்ஷனில் ஒரு வகையான பழைய பாணி ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சில ஃபஸ்கள் வாவுக்குப் பின்னால் போட்டால் வாவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மிதித்தாலும் பெரிய மாற்றம் கேட்காது. நடுவில் ஒரு பஃபர் (ஒன்று மற்றொன்றை இழுக்காமல் தடுக்கும் சின்ன சர்க்யூட்) போட்டால் சரியாகும். என்னிடம் ஃபஸ் இல்லை, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

போன ஆடியில் அதே கோயிலுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அதே பாட்டு, அதே எட்டு பார். காலை வைத்தேன், வாசித்தேன், எடுத்தேன். சரணம் சுத்தமாகத் தொடங்கியது. இடைவேளையில் பம்பைப் பெரியவர் மேடைக்கே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். அது திரும்ப எழும்பியது. "தையல் மிஷின் மாதிரி இருக்குது" என்றார். இன்னும் இரண்டு முறை அழுத்தினார். ஆம்ப் ஆனில்தான் இருந்தது. 'வா, வா' என்றது. வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் சிரித்தார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. அம்மன் மேடை என்றால் தரையெல்லாம் குங்குமமும் மஞ்சள் தண்ணீரும். ஈரக் காலோடு மிதித்து மிதித்து ரப்பரின் வரிகளுக்குள் சிவப்பு ஏறிவிட்டது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கொலுசு கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரையும் பித்தளை பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரண்டு போற பக்கம் எதுன்னு மட்டும் காட்டு" என்றார்.